எரிவாயு வண்டி ஏற்றத்தில் திணறுகிறதா? குறையைக் கண்டறியும் முறை

விளைந்த பொருளைச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதும் சாகுபடியின் ஒரு பகுதியே ஆகும். தக்காளி, கத்தரி, கீரை, பூ போன்றவை விடியும் முன்பே சந்தையை அடைந்தால்தான் ஏலத்தில் நல்ல விலை கிடைக்கும். ஒரு மணி நேரம் தாமதித்தால், நான்கு மாதம் பாடுபட்டதன் பலன் பாதியாகிவிடும். இதனால் சிறு விவசாயிகள் பலர் தனியாகவோ, இரண்டு மூன்று பேர் கூட்டாகவோ, 'குட்டி யானை' என்று கிராமங்களில் அழைக்கப்படும் சிறு சரக்கு வண்டியையோ, மூன்று சக்கர லோடு ஆட்டோவையோ வைத்திருக்கின்றனர்.

இவற்றில் இயற்கை எரிவாயுவில், அதாவது சி.என்.ஜி.யில் ஓடும் வண்டிகள் அண்மைக் காலத்தில் பெருகி வருகின்றன. எண்ணூரில் திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019-ம் ஆண்டு இயங்கத் தொடங்கிய பிறகு தமிழ்நாட்டு மாவட்டங்களிலும் சி.என்.ஜி. நிரப்பும் நிலையங்கள் கூடின. எரிபொருள் செலவு குறைகிறது என்பதால் விவசாயிகள் இவ்வண்டிகளை விரும்பி வாங்குகின்றனர்.

ஆனால் ஓரிரு ஆண்டுகள் ஓடிய பின் பலரும் கூறும் குறை ஒன்று உண்டு. "வண்டி இழுக்கவில்லை, ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தாலும் வேகம் எடுக்கவில்லை, மேட்டில் முக்குகிறது" என்பதே அக்குறை. இதற்குக் காரணம் என்ன, அதை எந்த வரிசையில் தேடிக் கண்டுபிடிப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மஞ்சள் இலையும் திணறும் வண்டியும்

பயிரின் இலை மஞ்சளாகிவிட்டால் அனுபவமற்றவர் உடனே யூரியா மூட்டையைப் பிரிப்பார். அனுபவமுள்ள விவசாயி அப்படிச் செய்வதில்லை. மஞ்சளானது இளம் இலையா, முதிர்ந்த இலையா, வயலில் தண்ணீர் தேங்கி நிற்கிறதா, வேரில் முடிச்சு உண்டா என்று முதலில் பார்ப்பார். தழைச்சத்துக் குறைவாலும் இலை மஞ்சளாகும், இரும்புச்சத்துக் குறைவாலும் ஆகும், நூற்புழுவாலும் ஆகும். அடையாளம் ஒன்றே; நோய் வேறு வேறு.

வண்டி திணறுவதும் இத்தகையதே. அடைத்துப்போன காற்று வடிகட்டியாலும் வண்டி திணறும். தேய்ந்த ஸ்பார்க் பிளக்காலும் திணறும். பிடித்துக்கொண்ட பிரேக்காலும் திணறும். ஆனால் எரிவாயு வண்டி என்றவுடன் பலரும் எரிவாயுக் கருவியின்மீதே பழி போட்டு, பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள ரெட்யூசரை மாற்றிவிடுகின்றனர். சில நூறு ரூபாய் பிளக்கில் இருந்த குறை அப்படியே நிற்கிறது. பணமும் போய், இரண்டு மூன்று சந்தை நாட்களும் போய்விடுகின்றன.

ஆகவே, செலவில்லாத சோதனை முதலில், சிறு செலவு அடுத்து, பெருஞ்செலவு கடைசியில் என்ற வரிசையை மனதில் கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். நான்கு பொருள்களை ஒன்றாக மாற்றினால் எதனால் குணமானது என்று எவருக்கும் தெரியாது.

இயல்பு எது, குறை எது?

பெட்ரோலுக்காக அமைந்த எஞ்சின் எரிவாயுவில் ஓடும்போது சக்தி ஓரளவு குறைவது இயல்பே. இக்குறைவு சுமார் 10 சதவீதம் அளவுக்கு இருக்கும். காரணம் எளிது. இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். அது முழுமையாக எரிய, ஒரு பங்கு வாயுவுக்குச் சுமார் பத்துப் பங்கு காற்று வேண்டும். எஞ்சின் ஒவ்வொரு முறை மூச்சு இழுக்கும்போதும் அந்த இடத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை எரிவாயுவே அடைத்துக்கொள்கிறது. அந்த அளவுக்குக் காற்று குறைகிறது. காற்று குறைந்தால் சக்தியும் குறையும்.

மலைப்பாதையில் 1000 மீட்டர் உயரம் ஏறினால் காற்றின் அடர்த்தி குறைந்து, எந்த எரிபொருளானாலும் சக்தி மேலும் சுமார் 10 சதவீதம் குறையும். உச்சி வெயிலிலும் இழுவை சற்றுக் குறையும். இவை குறைகள் அல்ல.

பாரத்தையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் அனுமதித்த மொத்த எடையும் வெறும் வண்டியின் எடையும் குறிக்கப்பட்டிருக்கும். இவற்றின் வித்தியாசமே ஏற்றக்கூடிய பாரம். அது 750 கிலோ என்று கொண்டால், பெட்டிக்கு 15 கிலோ வீதம் 50 பெட்டித் தக்காளிதான் ஏற்றலாம். பழத்தின் எடையோடு பெட்டியின் எடையும், உடன் வரும் ஆளின் எடையும் சேரும். 70 பெட்டி ஏற்றிவிட்டு வண்டி இழுக்கவில்லை என்றால் அது வண்டியின் குறை ஆகாது. பெட்ரோல் வண்டியில் பின்னால் எரிவாயுக் கருவி பொருத்தியிருந்தால், எஃகு உருளையின் எடையையும் பாரத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முன்பு மூன்றாம் கியரில் ஏறிய மேட்டில், அதே பாரத்துடன் இப்போது இரண்டாம் கியர் வேண்டியிருக்கிறது என்றால் அதுதான் குறை. ஒப்பிட்டுப் பார்த்தால்தான் குறை தெரியும்.

எரிவாயு செல்லும் வழி

சொட்டுநீர்ப் பாசனம் அமைத்தவர்களுக்கு எரிவாயு வண்டியின் அமைப்பைப் புரிந்துகொள்வது கடினம் அன்று. தொட்டி, வால்வு, வடிகட்டி, அழுத்தம் குறைக்கும் கருவி, கிளைக் குழாய், சொட்டுவான் என்ற அதே வரிசைதான் இங்கும் உள்ளது.

உருளையில் எரிவாயு சுமார் 200 பார் அழுத்தத்தில் நிரப்பப்படுகிறது. லாரி டயரில் உள்ள காற்றழுத்தத்தைப்போல் இது இருபது மடங்குக்கும் மேல். உருளையின் வாயில் ஒரு வால்வு உண்டு. அங்கிருந்து கெட்டியான எஃகுக் குழாய் வழியே வாயு முன்பக்கம் வருகிறது. ஒரு வடிகட்டியைக் கடந்து ரெட்யூசரை அடைகிறது. ரெட்யூசர் அழுத்தத்தை எஞ்சினுக்கு ஏற்ற சில பார் அளவுக்குக் குறைக்கிறது. பின்னர் வாயு இன்னொரு வடிகட்டியைக் கடந்து, இன்ஜெக்டர்கள் வழியாக எஞ்சினுக்குள் செல்கிறது. எவ்வளவு வாயு விடுவது என்பதை ஒரு சிறு கணினி, உணர்கருவிகளின் துணையுடன் முடிவு செய்கிறது.

சொட்டுவான் அடைத்தால் செடி வாடும்; வடிகட்டி அடைத்தால் வரிசை முழுவதும் வாடும். இங்கும் அப்படியே.

முதல் படி: குறை எஞ்சினிலா, வண்டியிலா?

எஞ்சின் நன்றாக இருந்தும் வண்டி ஓடாமல் இருக்கலாம். இதற்கான மூன்று சோதனைகளுக்குச் செலவே இல்லை.

டயர் காற்று: காற்றுக் குறைந்த டயர் சேற்றில் இழுக்கும் கலப்பையைப்போல் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தைச் சரிபார்க்க வேண்டும்.

பிரேக் பிடிப்பு: சேற்று வயல் ஓரமாகவும் மழைக்காலத்திலும் ஓடும் வண்டிகளில் பிரேக் முழுவதும் விடாமல் பிடித்துக்கொள்வது உண்டு. சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியவுடன், நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகே புறங்கையைக் காட்டிப் பார்க்க வேண்டும், தொடக்கூடாது. ஒரு சக்கரம் மட்டும் மிகுந்த வெப்பம் வீசினால் அங்கே பிரேக் பிடிக்கிறது என்று பொருள். சமதளத்தில் கியரை நியூட்ரலில் வைத்து ஒருவர் தள்ளினால் வெற்று வண்டி எளிதாக நகர வேண்டும்.

கிளட்ச் நழுவல்: மேட்டில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் சத்தம் உயர்கிறது, வண்டியின் வேகம் உயரவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. எஞ்சின் சத்தமே உயராமல் மழுங்கினால்தான் குறை எஞ்சினில் உள்ளது. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இரண்டாம் படி: பெட்ரோலில் ஓட்டிப் பார்த்தல்

பெரும்பாலான எரிவாயு வண்டிகளில் சிறிய அளவிலேனும் பெட்ரோல் தொட்டி உண்டு. அதே மேடு, அதே பாரம், அதே கியர் என்று வைத்துக்கொண்டு ஒருமுறை எரிவாயுவிலும் ஒருமுறை பெட்ரோலிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பாத்திக்கு உரமிட்டு, பக்கத்துப் பாத்திக்கு இடாமல் ஒப்பிடுவதைப் போன்றது இது. அவசரத்திற்கு மட்டும் சிறு பெட்ரோல் தொட்டி வைத்த சில வண்டிகளில் பெட்ரோலில் வேகம் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். கையேட்டைப் பார்த்துக்கொண்டு சோதிக்க வேண்டும்.

இரண்டிலும் திணறினால்: எரிவாயுக் கருவியைத் தொட வேண்டியதே இல்லை. காற்று வடிகட்டி, பிளக், வால்வு, சைலன்சர் ஆகிய பொதுவான பாகங்களில் குறை இருக்கிறது.

பெட்ரோலில் மட்டும் திணறினால்: நெடுநாள் பெட்ரோலைப் பயன்படுத்தாததால் அது கெட்டுப்போய், பெட்ரோல் இன்ஜெக்டர்கள் அடைத்திருக்கலாம். பின்னால் கருவி பொருத்திய வண்டிகள் பலவற்றில் எரிவாயுக் கணினி பெட்ரோல் பக்கத்தின் அளவைப் பார்த்தே வாயுவை விடுகிறது. ஆகவே பெட்ரோல் பக்கத்தையும் சீராக வைத்துக்கொள்வது அவசியம். வாரம் ஒருமுறை சில கிலோமீட்டர் பெட்ரோலில் ஓட்டுவது நல்லது.

எரிவாயுவில் மட்டும் திணறினால்: இங்குதான் பலர் ஏமாறுகின்றனர். "பெட்ரோலில் சரியாக ஓடுகிறது, ஆகவே குறை எரிவாயுக் கருவியில்தான்" என்று முடிவு கட்டிவிடுகின்றனர். அது தவறு. எரிவாயுக் கலவையில் தீப்பொறி பாய்வதற்குப் பெட்ரோலைவிட அதிக மின் அழுத்தம் வேண்டும். சற்றே தேய்ந்த பிளக், சற்றே வலுவிழந்த காயில், விரிசல் கண்ட பிளக் வயர் ஆகியவை பெட்ரோலில் சமாளித்துவிடும். எரிவாயுவில், அதிலும் பாரம் ஏற்றி மேடு ஏறும்போது, காட்டிக்கொடுத்துவிடும். எனவே எரிவாயுவில் மட்டும் திணறினாலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது தீப்பொறியைத்தான்.

மூன்றாம் படி: காற்று

வயல் வரப்பிலும் செம்மண் பாதையிலும் ஓடும் வண்டியின் காற்று வடிகட்டி, நகரத்து வண்டியைவிட விரைவில் தூசியால் அடைபடும். எரிவாயுவில் ஏற்கெனவே காற்று இடம் குறைவு என்பதால், அடைப்பின் பாதிப்பு பெட்ரோலைவிட அதிகமாகத் தெரியும்.

வடிகட்டியை வெளியே எடுத்து வெயிலுக்கு எதிராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். மடிப்புகளின் ஊடே வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்ற வேண்டும். காகித வடிகட்டியைத் தண்ணீரில் கழுவக்கூடாது. இலேசான தூசியானால், குறைந்த அழுத்தக் காற்றை உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக ஊதி நீக்கலாம். வடிகட்டி இல்லாமல் வண்டியை ஓட்டிப் பார்ப்பது கூடாது. உள்ளே புகும் மண் எஞ்சினை அரித்துவிடும்.

வைக்கோல் போருக்கும் தானிய மூட்டைக்கும் அருகில் நிறுத்தப்படும் வண்டிகளுக்கு இன்னொரு எதிரி எலி. அது இரவில் எஞ்சின் பகுதியில் புகுந்து ரப்பர்க் குழாய்களையும் மின் வயர்களையும் கடித்துவிடும். வடிகட்டிக்குப் பின்னால் உள்ள காற்றுக் குழாயில் ஓட்டை விழுந்தால் அளக்கப்படாத காற்று உள்ளே புகுந்து கலவை கெட்டுவிடும். குறை திடீரென்று ஒரே இரவில் வந்திருந்தால் முதலில் எலிக்கடியைத் தேட வேண்டும்.

நான்காம் படி: தீப்பொறி

பிளக்குகளைக் கழற்றுவது எஞ்சின் ஆறிய பிறகே செய்ய வேண்டிய வேலை. முனை வட்டமாகத் தேய்ந்திருந்தாலும், வெள்ளைப் பீங்கானில் விரிசலோ கருங்கோடோ இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். இடைவெளி பெரிதானால் தீப்பொறி தாவுவது கடினமாகும். கையேடு கூறும் இடைவெளியை அளவுத்தகட்டால் சரிபார்க்க வேண்டும். கண்ணளவு போதாது. எரிவாயு வண்டிக்கென்று கையேட்டில் குறிப்பிட்ட எண்ணுள்ள பிளக்கையே வாங்க வேண்டும். கடையில் கிடைத்த ஏதோ ஒன்று போதாது.

பிளக் வயர் உள்ள வண்டிகளில், இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு எட்ட நின்று பார்த்தால், வயரில் கசிவு இருந்தால் நீலப் பொறி தெரியும். எரிவாயு வாடை வீசும்போது இச்சோதனையைச் செய்யவே கூடாது.

பிளக் குறையைப் பொறுத்துக்கொண்டு ஓட்டுவதில் இன்னொரு நட்டமும் உண்டு. எரியாத வாயு புகைக்குழாய்க்குச் சென்று, அங்குள்ள புகை சுத்திகரிக்கும் கருவியில் எரிந்து, அதை உருக்கி அடைத்துவிடும். சிறிய குறை பெரிய செலவாவது இப்படித்தான்.

ஐந்தாம் படி: எரிவாயு வரத்து

காற்றும் தீப்பொறியும் சரி என்று உறுதியான பிறகே எரிவாயுப் பக்கம் திரும்ப வேண்டும். திணறல் எப்போது வருகிறது என்பதைக் கவனித்தால் இடம் தெரிந்துவிடும்.

நின்ற நிலையில் எஞ்சின் சீராக ஓடுகிறது, மெல்லப் போகும்போதும் தொல்லையில்லை, பாரத்துடன் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் மட்டும் அமுங்குகிறது என்றால் வழியில் எங்கோ அடைப்பு உள்ளது. சிறு தேவைக்குப் போதும் வாயு, பெருந்தேவைக்குப் போதவில்லை. நிரப்பும் நிலையத்துக் கம்ப்ரசரின் எண்ணெய் சிறிது சிறிதாக வாயுவுடன் வந்து வடிகட்டியிலும் இன்ஜெக்டரிலும் படிவது உண்டு. வடிகட்டியைக் கையேடு கூறும் கிலோமீட்டர் கணக்குப்படி மாற்றி வந்தால் இத்தொல்லை வராது.

உருளை வால்வு முழுவதும் திறக்கப்படாமல் இருந்தாலும் இதே அடையாளம்தான். பழுதுபார்த்த பிறகோ சோதனைக்குப் பிறகோ வால்வைப் பாதி திறந்து மறந்துவிடுவது உண்டு. குழாய் உடைந்தால் வாயு சீறாமல் தடுக்கும் பாதுகாப்பு அடைப்பான் பல உருளைகளில் உள்ளது. வால்வைச் சட்டென்று திருப்பினால், குழாய் உடைந்துவிட்டதாகக் கொண்டு அந்த அடைப்பான் வாயுவைத் தடுத்துவிடும். அப்போது வால்வை முழுவதும் மூடி, சிறிது நேரம் பொறுத்து, மெதுவாகத் திறக்க வேண்டும்.

புறப்படும்போது நன்றாக ஓடி, பத்துப் பதினைந்து நிமிடம் மேடு ஏறிய பின் வலு குறைந்தால் ரெட்யூசரைப் பார்க்க வேண்டும். 200 பாரிலிருந்து வாயு சட்டென்று விரியும்போது கடுங்குளிர்ச்சி உண்டாகும். அதைத் தடுக்கவே ரேடியேட்டரின் சுடுநீர் ரெட்யூசரைச் சுற்றி ஓடும்படி அமைத்திருக்கின்றனர். ரேடியேட்டர் தண்ணீர் குறைந்தாலோ, குழாயில் காற்று அடைத்தாலோ, அந்த வெப்பம் கிடைக்காமல் ரெட்யூசர் உறைந்துவிடும். வெளிப்புறத்தில் வெண்பனி படிந்திருப்பதே அடையாளம். கோடையிலும் இது நேரும். இங்கே குறை ரெட்யூசரில் இல்லை, தண்ணீரில்தான். எஞ்சின் ஆறிய பின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, உரிய குளிர்நீர்க் கலவையை நிரப்பி, காற்றை வெளியேற்ற வேண்டும். உறைந்த ரெட்யூசர்மீது தீயைக் காட்டுவது உயிருக்கு ஆபத்து.

ஒரே சீராக இல்லாமல் விட்டுவிட்டு உதறினால், ஒரு பிளக்கோ ஓர் இன்ஜெக்டரோ வேலை செய்யவில்லை என்று பொருள்.

உருளையில் வாயு குறைந்ததால்தான் இழுக்கவில்லை என்று சிலர் எண்ணுகின்றனர். ரெட்யூசர் சரியாக இருந்தால், உருளை நிறைந்திருந்தாலும் பாதியாக இருந்தாலும் எஞ்சினுக்குச் செல்லும் அழுத்தம் ஒன்றே. மேல்நிலைத் தொட்டி பாதியானாலும் அழுத்தச் சீராக்கி உள்ள சொட்டுநீர்க் குழாயில் ஓட்டம் மாறாததைப் போன்றது இது. உருளை ஏறத்தாழக் காலியாகும் கடைசிக் கட்டத்தில்தான் வலு குறையும். முள் பாதியில் இருக்கும்போதே திணறினால் காரணம் வேறு.

ஆறாம் படி: வால்வும் சைலன்சரும்

எரிவாயு உலர்ந்த எரிபொருள். பெட்ரோலைப்போல் அது வால்வு அமரும் இடத்தை நனைத்துக் குளிர்விப்பதில்லை. அதனால் பெட்ரோலுக்காக அமைந்த எஞ்சின்களில் அந்த இடம் மெல்லத் தேய்ந்து, டப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் வால்வு முழுவதும் மூடாது; கம்ப்ரஷன் கசிந்துவிடும். காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமம், நின்ற நிலையில் நடுக்கம், மேட்டில் வலுவின்மை ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

இடைவெளி அதிகமானால் டப்பெட் சத்தம் போடும். குறைந்தாலோ சத்தமே வராது. ஆகவே 'எஞ்சின் சத்தமில்லாமல் ஓடுகிறது, நன்றாகத்தான் இருக்கிறது' என்று எண்ணக்கூடாது. கையேடு கூறும் காலத்தில் மெக்கானிக்கிடம் டப்பெட் இடைவெளியை அளக்கச் சொல்ல வேண்டும். நாள் கடத்தினால் வால்வு கருகி, எஞ்சினின் தலைப்பகுதியையே கழற்ற வேண்டி வரும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வேகம் ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் நின்றுவிட்டால், புகை வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறதா என்று பட்டறையில் அளந்து பார்க்கச் செய்யலாம். வெளியே போக வழியில்லாத எஞ்சினுக்கு உள்ளே மூச்சு இழுக்கவும் வழியிராது.

எஞ்சின் விளக்கு எரிந்தால்

2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.-6 விதிப்படி விற்கப்படும் வண்டிகளில், குறை நேர்ந்தால் முன்பலகையில் எஞ்சின் விளக்கு எரியும். பட்டறையில் கருவியை இணைத்தால் குறையின் எண் தெரியும். அந்த எண் நோயின் அடையாளமே தவிர, மாற்ற வேண்டிய பாகத்தின் பெயர் அன்று. 'கலவையில் வாயு குறைவு' என்று வந்தால் அடைத்த வடிகட்டியும் காரணமாகலாம், ஓட்டைக் குழாயும் காரணமாகலாம், பழுதான உணர்கருவியும் காரணமாகலாம். எண்ணை அழித்து விளக்கை அணைப்பது மட்டும் பழுதுபார்த்தல் ஆகாது. என்ன எண் வந்தது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

கை வைக்கக்கூடாத இடங்கள்

டயர், காற்று வடிகட்டி, தண்ணீர், எலிக்கடி, பிளக் ஆகியவற்றை விவசாயியே பார்க்கலாம். உருளை, வால்வு, எஃகுக் குழாய், ரெட்யூசர், எரிவாயு வடிகட்டி ஆகியவற்றின் இணைப்பை எக்காரணம் கொண்டும் தாமாகக் கழற்றக்கூடாது. 200 பார் அழுத்தத்தில் சீறும் வாயு கையைக் கிழித்துவிடும். அங்கீகாரம் பெற்ற பட்டறையிலேயே இவ்வேலைகளைச் செய்ய வேண்டும்.

வண்டியின் உருளையை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்துவது கட்டாயம். காலம் கடந்த உருளைக்கு வாயு நிரப்பக்கூடாது. வீட்டுச் சமையல் எரிவாயு வேறு, இது வேறு. ஒன்றின் கருவி மற்றொன்றுக்குப் பொருந்தாது.

வாடை வீசினால் எஞ்சினை நிறுத்தி, எரிவாயு அடைப்பை மூடி, பீடி, தீக்குச்சி, மின் சுவிட்சு எதையும் அருகில் அண்டவிடாமல், ஆட்களை விலக்க வேண்டும். மீத்தேன் காற்றைவிட இலேசானது; மேலெழுந்து கூரையில் தேங்கும். எனவே கசிவுள்ள வண்டியை மூடிய கொட்டகையில் நிறுத்தக்கூடாது. கசிவை சோப்பு நுரை தடவித்தான் கண்டறிய வேண்டும். நெருப்பைக் காட்டி அன்று.

ஏட்டில் குறித்து வைத்தல்

வரவு செலவு எழுதும் ஏட்டிலேயே வண்டிக்கும் நான்கு பக்கம் ஒதுக்குவது நல்லது. நிரப்பிய வாயு எத்தனை கிலோ, ஓடிய தூரம் எத்தனை கிலோமீட்டர், ஏற்றிய பெட்டி எத்தனை, வழியில் உள்ள மேட்டை எந்தக் கியரில் ஏறியது என்று குறித்து வர வேண்டும். காற்று வடிகட்டி, பிளக், எரிவாயு வடிகட்டி, டப்பெட் ஆகியவற்றைக் கவனித்த தேதியையும் எழுத வேண்டும். ஒரு கிலோ வாயுவுக்கு ஓடும் தூரம் மெல்லக் குறைந்து வருமானால், வண்டி திணறத் தொடங்கும் முன்பே ஏடு எச்சரித்துவிடும். பட்டறைக்குச் செல்லும்போது இந்த ஏட்டைக் காட்டினால் மெக்கானிக்கும் ஊகத்தில் இறங்காமல் வேலை செய்வார்.

சோதனை வரிசைச் சுருக்கம்

1. பாரம் அளவுக்குள் இருக்கிறதா என்று கணக்கிடுக.
2. டயர் காற்று, பிரேக் பிடிப்பு, கிளட்ச் நழுவல் ஆகியவற்றைப் பார்க்க.
3. ஒரே மேட்டில், ஒரே பாரத்தில், பெட்ரோலிலும் எரிவாயுவிலும் ஓட்டி ஒப்பிடுக.
4. காற்று வடிகட்டியையும், எலி கடித்த குழாய், வயர்களையும் கவனிக்க.
5. எரிவாயுவில் மட்டும் குறை இருந்தாலும் பிளக்கை முதலில் சோதிக்க.
6. ரேடியேட்டர் தண்ணீர், ரெட்யூசர்மீது பனி, உருளை முள் ஆகியவற்றைப் பார்க்க.
7. எரிவாயு வடிகட்டி, இன்ஜெக்டர், டப்பெட், சைலன்சர் ஆகியவற்றைப் பட்டறையில் சோதிக்கச் செய்க.
8. இத்தனையும் பார்த்த பிறகே ரெட்யூசரை மாற்றுவது பற்றி யோசிக்க.

இந்த வரிசையில் முதல் ஆறு சோதனைகளையும் ஒரு மாலைப் பொழுதில், வீட்டு வாசலிலும் ஊர் எல்லை மேட்டிலுமே முடித்துவிடலாம். பெரும்பாலான குறைகள் அதற்குள்ளேயே பிடிபட்டுவிடும். அறுவடை தொடங்கும் முன், பறிக்கும் பெட்டிகளைக் கழுவி வைக்கும் அதே வாரத்தில் வண்டியையும் இவ்வாறு ஒருமுறை பார்த்துவைத்தால், பறித்த காய் வாடாமல் உரிய நேரத்தில் ஏலத்துக்குப் போய்ச் சேரும்.